கிணற்றில் விழுந்த சாவியும் பதினோரு ஹார்டு டிஸ்க்கும்

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பஸ் நிற்குமா நிற்காதா என்று டிரைவருக்கே சந்தேகமாக இருக்கும் ஒரு வளைவில், சுண்டைக்காம்பாளையம் என்று ஓர் ஊர். அங்கே நாச்சிமுத்து என்று ஒருவர் இருந்தார். இப்போதும் இருக்கிறார். நல்ல மனுஷர். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார். இவ்வளவும் நடந்தது அதனால்தான்.

அவருடைய தங்கை மரகதத்துக்குக் கல்யாணம். இன்னும் பத்து நாள். கூறைப்புடவை, தாலி, மாப்பிள்ளைக்குப் போடும் மோதிரம் எல்லாம் வீட்டு இரும்புப் பீரோவுக்குள். பீரோச் சாவி எப்போதும் அவர் மனைவி பூவாயியின் இடுப்பில்தான் இருக்கும். அன்று பூவாயி பத்திரிகை வைக்கப் பரமத்திக்குப் புறப்பட்டாள். கூட்டத்தில் எங்காவது விழுந்துவிடும் என்று சாவியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, நான் வர்ற வரைக்கும் இத எங்கயும் கீழ வெக்காதீங்க."

"வெக்கல பூவாயி" என்றார் நாச்சிமுத்து.

வைக்கவும் இல்லை. வலது கையில் சாவியை வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டார். சட்டையை ஒரு கையால் மாட்டினார். அதற்கே அரைமணி நேரம் ஆனது. பத்து மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிணற்றடிக்குப் போனார். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி மொண்டு மோட்டாருக்கு ஊற்ற வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். சாவியைக் கீழே வைக்கக் கூடாது. யோசித்துப் பார்த்துப் பல்லில் கடித்துக்கொண்டார். கயிற்றை விட்டுக் குனிந்தபோது பக்கத்துக் காட்டிலிருந்து ஒருவர் வரப்பில் போகிறபோக்கில் கேட்டார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, சாப்பிட்டாச்சுங்களா?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. "ஆச்சுங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆ" என்று சொல்ல வாயை நன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. "ச்சுங்க" என்று முடிப்பதற்குள் சாவி தண்ணீருக்குள் போய்விட்டது.

சாயங்காலம் பூவாயி வந்தாள். "சாவி?" என்றாள்.

"நான் கீழ வெக்கல" என்றார் நாச்சிமுத்து. அது பொய் இல்லை.

"சரி, உங்ககிட்டயே இருக்கட்டும். கல்யாண வேலை முடியற வரைக்கும் எனக்கு அதுவும் ஒரு பாரம். நீங்கன்னா பத்திரமா வெச்சிருப்பீங்க."

இந்தக் கடைசி வார்த்தைதான் நாச்சிமுத்துவைக் குத்தியது. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நேராக மன்றத்துக்குப் போனார். ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணை இருந்தது. கோழிகள் போனபிறகு அந்தக் கொட்டகையில் 'சுண்டைக்காம்பாளையம் பொழுதுபோக்கு எந்திர மன்றம்' நடந்துவந்தது. பழைய சாமான்களைப் பிரித்துப் புதுசாக ஏதாவது செய்வதுதான் மன்றத்தின் வேலை. போன மாசம் ஒரு மிக்சி மோட்டாரை வைத்துத் தானாக ஆடும் தொட்டில் செய்தார்கள். தொட்டில் ஆடியது. சோதனைக்காகப் படுக்கவைத்த பரங்கிக்காய் நாலு தோட்டம் தாண்டிக் கிடைத்தது.

மன்றத்தில் மொத்தம் நாலு பேர். அர்த்தநாரி தலைவர், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது அவர் ஒருவர்தான். குழந்தைவேலு செயலாளர், பெரிய செல்போன் வைத்திருந்தார், அதில் உள்ளதை நிறுத்தி நிதானமாக வாசிப்பார். வையாபுரி தறி ஓட்டுகிறவன், நாலு பேரில் இளையவன். அந்த வட்டாரத்திலேயே அவனை மாதிரி நீச்சல்காரன் கிடையாது. எட்டணாவைக் கிணற்றில் போட்டால் முங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு வருவான். நாலாவது ஆள் நாச்சிமுத்து.

நாச்சிமுத்து நடந்ததைச் சொன்னார்.

"நான் வேணும்னா கெணத்துல..." என்று ஆரம்பித்தான் வையாபுரி.

"இரப்பா" என்றார் அர்த்தநாரி. "யோசிக்கறப்பக் குறுக்க பேசாத. குழந்தைவேலு, போன்ல பாரு."

குழந்தைவேலு வெகுநேரம் தேடி, ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தார். "பழைய ஹார்டு டிஸ்க்குகளின் உள்ளே மிகச் சக்திவாய்ந்த காந்தங்கள் இருக்கின்றன. பொழுதுபோக்காக எந்திரங்கள் செய்பவர்கள் அவற்றைக் கழற்றிக் கயிற்றில் கட்டி, தண்ணீரில் விழுந்த பொருட்களை எடுக்கலாம்."

"பொழுதுபோக்காகச் செய்பவர்கள்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதுங்கண்ணா."

"அப்ப நமக்குத்தான் எழுதியிருக்கறான்" என்றார் அர்த்தநாரி.

ஹார்டு டிஸ்க் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கையகலப் பெட்டி, கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குள்தான் பதிந்திருக்கும் என்று குழந்தைவேலு விளக்கினார். திருச்செங்கோட்டில் மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. மூன்றாம் நாள் நாலு பேரும் அங்கே போனார்கள். வகுப்பு நடத்தியவர் ஒரு சாக்கில் பதினோரு ஹார்டு டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தார்.

"சும்மாவே எடுத்துக்குங்க. எங்கிட்டக் குப்பையாத்தான் கெடக்குது. ஒண்ணு மட்டும். இதுல எங்க பசங்க பேரு, வெலாசம் எல்லாம் இருக்குது. பிரிக்கறதுக்கு முன்னால மொதல்ல அத அழிச்சிருங்க."

நாலு பேரும் சரி என்று சொல்லிவிட்டு எதிர்த்த கடையில் அழிரப்பர் வாங்கப் போனார்கள்.

"பென்சில்ல எழுதுனதா, பேனாவுல எழுதுனதா?" என்று கேட்டார் கடைக்காரர்.

நாலு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு வராமல் விட்டார்கள்.

"எதுக்கும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலமா இருக்குமே, அந்த ரப்பராக் குடுங்க" என்றார் அர்த்தநாரி. அவர் தலைவரானது சும்மா இல்லை.

கொட்டகையில் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தார்கள். ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பொடிப்பொடியாக எழுத்து. சிவப்புப் பக்கத்துக்கு அசையவில்லை, நீலப் பக்கத்துக்கு அசைந்தது. சாயங்காலத்துக்குள் பதினொன்றும் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டன. அர்த்தநாரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பேரு மிச்சமில்ல. அந்தப் பசங்க இனி பயப்பட வேண்டியதில்ல."

நாச்சிமுத்துவின் கட்டைவிரல் கொப்புளித்துப் போயிருந்தது. ஆனால் சாவி விழுந்ததிலிருந்து முதல்தடவையாக அவர் மனசு லேசாக இருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற தெம்பு.

நாலாம் நாள் பிரிக்க உட்கார்ந்தார்கள். எந்தத் திருப்புளியும் ஸ்குருவுக்குள் நுழையவில்லை. ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

"இது நட்சத்திர ஸ்குருங்க. எட்டாம் நம்பர்."

திருப்புளியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடை வாசலிலேயே அர்த்தநாரி நின்றுவிட்டார்.

"எட்டாவது நட்சத்திரம் எதுப்பா?"

வையாபுரி விரல் விட்டு எண்ணினான். "அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம். பூசமுங்கண்ணா."

"பூசம் என்னைக்கு வருது?"

குழந்தைவேலு போனில் காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கெழமை. இன்னும் மூணு நாள் இருக்குதுங்க."

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "அண்ணா, கல்யாணத்துக்கு ஏழு நாள்தானுங்க இருக்குது. இன்னைக்கே தொறந்து பாத்தா என்னங்க?"

"பூசத்து ஸ்குருவ மிருகசீரிடத்துலயோ திருவாதிரையிலயோ தொறந்து, மழுங்கிப் போச்சுன்னா? அப்பறம் நீ வந்து கேக்கறப்ப நான் என்ன பதில் சொல்றது?"

நாச்சிமுத்து ஒப்புக்கொண்டார். ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளத் திரும்பக் கடைக்குள் போனார். "ஏனுங்க, இந்தத் திருப்புளி பூசம் வரைக்கும் தாங்குங்களா?"

கடைக்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அது வருஷக்கணக்கா இருக்குங்க" என்றார். அந்தப் பதில் நாச்சிமுத்துவுக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்குப் போனால் பூவாயி காத்துக்கொண்டிருந்தாள். "கூறைப்புடவைய எடுத்துக் குடுங்க. மரகதத்துக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கோணும்."

நாச்சிமுத்துவுக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. "பூசத்துக்குத்தான் தொறக்கோணும்னு அர்த்தநாரியண்ணன் சொன்னாரு."

பூவாயி யோசித்தாள். "அவருக்கு நாள் பாக்கக்கூடத் தெரியுதா? சரி, நல்ல காரியம். அப்படியே ஆகட்டும். தையக்காரிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இப்படியாக மூன்று நாள் கிடைத்தது.

பூசத்தன்று குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு நாலு பேரும் கொட்டகையில் கூடினார்கள். ஸ்குரு சுலபமாகக் கழன்றது. "பாத்தியா" என்றார் அர்த்தநாரி.

குழந்தைவேலு போனிலிருந்து வாசித்தார். "மூடியைத் திறந்ததும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வட்டத்தட்டு தெரியும். எல்லா விவரங்களும் அதில்தான் பதிந்திருக்கும்."

"நாமதான் அழிச்சாச்சே" என்று சொல்லிக்கொண்டே அர்த்தநாரி குனிந்து தட்டைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்தார்.

"என்னங்கண்ணா?"

"உள்ள ஒருத்தன் இருக்கறான். கண்ணாடி போட்டிருக்கறான். வயசான ஆளு. நம்மளையேதான் பாக்கறான்."

வையாபுரி வாங்கிப் பார்த்தான். "கண்ணாடி போடலீங்களே. மீசை வெச்சிருக்கறான். எளவட்டம்."

"அந்த வகுப்புல நெறையப் பேரு படிச்சிருப்பாங்க" என்றார் குழந்தைவேலு. அவருக்குத் தெரிந்தது ஒரு வழுக்கைத்தலை.

நாச்சிமுத்துவும் வாங்கிப் பார்த்தார். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, தாடி நாலு நாளாக மழிக்காமல் ஒரு ஆள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், இந்த ஆளுக்கு என்னமோ பெரிய கஷ்டம் போலிருக்குதுங்க."

வெளிப்பக்கம் மட்டும் அழித்துவிட்டு உள்பக்கத்தை விட்டுவிட்டோம் என்று அர்த்தநாரி முடிவு சொன்னார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். மறுபடி ரப்பரை எடுத்தார்கள். தட்டுகளில் இருந்தவர்கள் லேசில் போகிறவர்களாக இல்லை. மணலைத் தொட்டுத் தேய்த்த பிறகுதான் ஒவ்வொருவராக மங்கினார்கள். கஷ்டப்படுகிற அந்த ஆளை மட்டும் அழிக்க நாச்சிமுத்துவுக்குக் கை வரவில்லை. அவனைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்தார்.

தட்டுக்குப் பக்கத்தில் இருந்தன காந்தங்கள். டிஸ்க்குக்கு இரண்டாக இருபத்திரண்டு. பிறை வடிவத்தில், விரல் நீளம்கூட இல்லை. அர்த்தநாரியின் மூக்குக்கண்ணாடி தானாக எழுந்து போய் ஒன்றில் ஒட்டியது. அதைப் பிய்ப்பதற்குள் கண்ணாடியின் ஒரு காது போய்விட்டது.

குழந்தைவேலு வாசித்தார். "எச்சரிக்கை. காந்தங்களை ஒன்றுக்கொன்று நெருங்க விட வேண்டாம். விரல் நசுங்கும். தள்ளித் தள்ளி வைக்கவும்."

"எவ்வளவு தள்ளி?"

"அது போடலீங்க."

"அப்ப ரொம்பத் தள்ளித்தான் வெக்கோணும்" என்றார் அர்த்தநாரி. "ராசிபுரம் போதுமா?"

வையாபுரியின் மச்சினிச்சி ராசிபுரத்தில் இருந்தாள். பாதியை அங்கே வைத்துவிடுவது என்று முடிவானது. பதினொரு காந்தமும் வையாபுரியின் மடியில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. மீதிப் பதினொன்றும் கொட்டகையில் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. ஒரு பாதி இன்னொரு பாதியிலிருந்து விலகிவிட்டது என்பதில் எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் காலை அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் வையாபுரி திரும்பி வந்தான். வேட்டி கிழிந்திருந்தது. மடி அப்படியே இருந்தது. தோளில் ஒரு கடப்பாரை.

"ராசிபுரத்துல எறங்கலையா?"

"கண்டக்டர் எறங்கச் சொன்னாருங்க. நானும் எறங்கத்தான் பாத்தேன். மடி பஸ் கம்பிய விடல. பஸ் திரும்பிடுச்சு. திருச்செங்கோட்டுல எறங்கலாம்னு பாத்தேன், அங்கயும் விடல. மூணு நடை போயிட்டு வந்தேனுங்க. கடைசியா ஒரு மெக்கானிக்கக் கூப்பிட்டு, கடப்பாரைய விட்டு நெம்புனாங்க."

"வந்துருச்சா?"

"கம்பிய விட்டுருச்சுங்க. கடப்பாரையப் புடிச்சுக்கிச்சு. அவங்களும் எவ்வளவோ இழுத்துப் பாத்தாங்க. சரி நீயே வெச்சுக்கன்னு சொல்லிட்டாங்க."

அர்த்தநாரி கடப்பாரையைச் சுற்றி வந்து பார்த்தார். "இவ்வளவு பலம் இருக்குதுன்னா சாவி ஒரு பொருட்டா" என்றார். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. நல்லவேளை, கல்யாண வேலையில் பூவாயிக்குப் புடவை ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலையில் கடப்பாரையை உருவி எடுத்துவிட்டு, இருபத்திரண்டு காந்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து, மணிக்கயிற்றில் கட்டி, நாலு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். பூவாயி சமையல்காரர்களைப் பார்க்கப் போயிருந்தாள். நாச்சிமுத்துதான் கயிற்றை விட்டார். கயிறு கனத்தது. இழுத்தால், ஒரு வாளிக் கொக்கி. மறுபடி விட்டார். ஒரு அரிவாள். அது அர்த்தநாரியுடையது, அது தொலைந்ததற்காகப் பங்காளியோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஸ்பேனர், இரண்டு லாடம், ஒரு சைக்கிள் பெடல், பெயர் தெரியாத ஒரு சக்கரம். மத்தியானத்துக்குள் கிணறு தன்னிடமிருந்த இரும்பையெல்லாம் கொடுத்துவிட்டது. சாவியைக் கொடுக்கவில்லை.

சாவி பித்தளைச் சாவி.

பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது மன்றத்தில் யாருக்கும் தெரியாது. நாச்சிமுத்து கிணற்று மேட்டில் உட்கார்ந்து லாடத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் மணமேடையில் மரகதம் உட்கார்ந்திருப்பாள், தாலி பீரோவுக்குள் இருக்கும். அவருக்குக் கண் கலங்கியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பூவாயி தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றார்.

"பூவாயி, சாவி கெணத்துல விழுந்துருச்சு. பத்து நாளாச்சு. நான் கீழ வெக்கல. கடிச்சுக்கிட்டிருந்தேன், ஒருத்தர் சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு."

பூவாயி அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, மஞ்சள் படிந்த ஒரு சாவியைக் கொண்டுவந்தாள்.

"பத்து நாளா இதுக்குத்தான் சோறு திங்காம இருந்தீங்களா? அதே பீரோவுக்கு மாத்துச் சாவி இது. ரெண்டும் ஒண்ணுதான். கொண்டு போங்க, நான் பந்தக்காரங்களப் பாத்துட்டு வந்தர்றேன்."

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பீரோ இருந்த அறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மன்றத்தார் உட்கார்ந்திருந்த கிணற்றடிக்கு ஓடினார்.

"அண்ணா, அதே மாதிரி சாவி ஒண்ணு கெடைச்சிருச்சுங்க. இனி சோதனை பண்ணிப் பாத்துக்கலாம்."

மன்றம் எழுந்து நின்றது. சாவியைக் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனார்கள். ஒட்டவில்லை. திருப்பி வைத்தார்கள். ஒட்டவில்லை. நனைத்து வைத்தார்கள்.

"இதுல கோளாறு காந்தத்துல இல்ல" என்றார் அர்த்தநாரி. "சாவியிலதான்."

வெகுநேரம் யோசித்த பிறகு குழந்தைவேலு ஒரு இரும்பு நட்டை எடுத்துச் சாவியின் வளையத்தில் நூலால் கட்டினார். காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனதும் நட்டு பாய்ந்து போய் ஒட்டியது. சாவி அதன் பின்னால் தொங்கியது. நாலு பேரும் அதைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப உள்ள கெடக்கற சாவிக்கும் ஒரு நட்டு கட்டிட்டாப் போதும்" என்றார் நாச்சிமுத்து. அவருக்கே தன் புத்தியை நினைத்து ஆச்சரியமாக இருந்தது.

"கட்டறதுக்கு உள்ள ஒரு ஆள் போகோணுமே."

எல்லோரும் வையாபுரியைப் பார்த்தார்கள். பத்து நாளில் முதல்தடவையாக அவனுக்குத் தெரிந்த வேலையைக் கேட்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றி, நட்டையும் நூலையும் வாயில் கவ்விக்கொண்டு குதித்தான். தண்ணீர் வளையம் வளையமாக விரிந்து அடங்கியது. நாச்சிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினார். அறுபது வந்தபோது வையாபுரியின் தலை மேலே வந்தது.

"சாவி கெடைச்சுதா?"

"கையில எடுத்தனுங்க. நல்லா இறுக்கி மூணு முடிச்சுப் போட்டேன்."

"எங்க?"

"எடுத்த எடத்துலயே வெச்சிட்டேனுங்க. ஒரு விரக்கடை தள்ளி வெக்கல."

"கெட்டிக்காரன்" என்றார் அர்த்தநாரி.

காந்தத்தை இறக்கினார்கள். பாதி வழியில் 'டங்' என்று ஒரு சத்தம். கயிறு நின்றுவிட்டது. மோட்டாரின் இரும்புக் குழாய் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீருக்குக் கீழே ஒரு முழத்தில் காந்தம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். குழாய் முனகியது. காந்தம் விடவில்லை.

"காந்தம் சாவிகிட்டப் போகாதுன்னா" என்றார் குழந்தைவேலு மெதுவாக, "சாவி காந்தத்துகிட்ட வரலாமுங்களே."

வையாபுரி மறுபடி குதித்தான். அடியில் போய்ச் சாவியை எடுத்தான், மேலே நீந்தி வந்து காந்தத்தில் ஒட்டவைத்தான், வெறுங்கையோடு படியேறினான்.

"ஒட்டிக்கிச்சா?"

"என்னமாப் புடிச்சுக்கிச்சுங்க. கை வெச்சா அசையறதில்ல."

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீருக்குள் சாவி மஞ்சளாக மின்னியது. காந்தம் சாவியைப் பிடித்துவிட்டது. அவர் வையாபுரியைக் கட்டிக்கொண்டார். அர்த்தநாரி ஒற்றைக் காது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பூவாயி வந்தாள். "பீரோவத் தொறந்தீங்களா?"

"சாவி கெடைச்சிருச்சு பூவாயி."

"எங்க?"

"கெணத்துக்குள்ள."

பூவாயி கிணற்றை எட்டிப் பார்த்தாள். அப்புறம் புருஷன் கையில் நட்டோடு தொங்கிய மாற்றுச் சாவியைப் பார்த்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பீரோவைத் திறந்தாள். பூட்டில் திருகும்போது நட்டு பீரோவில் இடித்து இடித்துச் சத்தம் கேட்டது.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. ஜாக்கெட்டை ஒரே நாளில் தைத்துக் கொடுத்தாள் தையல்காரி. நாச்சிமுத்து மூன்று பந்தி சாப்பிட்டார். மரகதம் புறப்படும்போது அழுதார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த வாரம் பூவாயி மாற்றுச் சாவியை அவர் கையில் கொடுத்து, "இதையும் தொலைச்சுப் போடாதீங்க, இருக்கறதுலயே பத்திரமான எடமாப் பாத்து வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு மாடு கறக்கப் போனாள்.

நாச்சிமுத்து வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். அரிசிப் பானையில் வைத்தால் யாராவது கை விடுவார்கள். பரண் என்றால் எலி. நாலு ஆள் சேர்ந்து இழுத்தும் ஒரு பொருளை விடாத இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. வையாபுரியைக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மரகதமும் மாப்பிள்ளையும் அவர் வீட்டு ஜனங்களோடு விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்த பட்டுவேட்டி பீரோவுக்குள் இருந்தது.

"சாவி எங்க வெச்சீங்க?" என்றாள் பூவாயி.

நாச்சிமுத்து பெருமையோடு கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். பூவாயி எட்டிப் பார்த்தாள். இரண்டு சாவியும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு ஜனங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரும் செயலாளரும்கூட வந்து சேர்ந்தார்கள்.

பூவாயி இனி யாரையும் நம்புவதாக இல்லை. தானே நேராக வையாபுரியைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இங்க பாரு வையாபுரி. வேற யாரு சொல்றதையும் கேக்காத. உள்ள போ. அந்த ரெண்டு சாவியையும் காந்தத்துல இருந்து பிரிச்சு விட்டுரு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கக்கா."

குதித்தான். இந்தத் தடவை நேரம் அதிகமானது. ஒருதடவை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினான். கடைசியில் முகமெல்லாம் சிரிப்பாகப் படியேறி வந்து, மூடிய கையைப் பூவாயியின் முன்னால் நீட்டித் திறந்தான். உள்ளங்கையில் இரண்டு நட்டு இருந்தது.

"சாவி எங்கடா?"

"கைய வெச்சு இழுத்தா வரலீங்கக்கா. நட்ட அவுத்துத்தான் பிரிக்க முடிஞ்சுது" என்றான் வையாபுரி, தலையைத் துவட்டிக்கொண்டே. "பிரிச்சேன். விட்டுட்டேன்."